வழுநீக்கிக்கு ஒரு தேர்வு

‘வழு’ என்னும் சொல் இலக்கணம் பயின்றார்க்குப் புதிதன்று. தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் சொற்கள் வழுவாமல் அமையும் நெறியை வகுத்தார். பவணந்தியார் நன்னூலில் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என வழுக்களை எழுவகைப்படுத்தினார். வழுவை வழு என்று தள்ளிவிடுவதோடு நம் இலக்கணம் நின்றுவிடவில்லை. தக்க காரணம் பற்றி வந்த வழுவை ஏற்று அமைத்துக்கொள்வதற்கு ‘வழுவமைதி’ என்று ஒரு பெயரும் வைத்தது. பெண்மகவை ‘வாடா கண்ணா’ என்று தாய் கொஞ்சுவதை எந்த ஆசிரியரும் சிவப்பு மையால் அடிப்பதில்லை.

இப்பழஞ்சொல் இன்று கணினி அறிஞர்களிடையே புதுவாழ்வு பெற்றிருக்கிறது. கணினி நிரலில் நேரும் பிழையை ஆங்கிலத்தார் ‘பூச்சி’ என்பர். 1947 செப்டம்பர் 9-ஆம் நாள், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மார்க் இரண்டு என்னும் கணிப்பொறியின் ரிலே ஒன்றில் சிக்கியிருந்த விட்டிற்பூச்சியை எடுத்துக் குறிப்பேட்டில் ஒட்டிவைத்தனர். அதனால்தான் அப்பெயர் வந்தது என்று சொல்வாருளர். எடிசன் 1878-இலேயே பொறிகளின் கோளாற்றுக்கு அச்சொல்லை ஒரு கடிதத்தில் ஆண்டிருக்கிறார் ஆதலின் அக்கூற்று முற்றும் பொருந்தாது. எவ்வாறாயினும், தமிழர் பூச்சியை விட்டு வழுவை எடுத்துக்கொண்டது நல்லதே. பிழையைத் தேடிக் காணத் துணைசெய்யும் கருவிக்கு ‘வழுநீக்கி’ என்று பெயரிட்டனர். அப்பெயரில் மட்டும் எனக்குச் சிறு குறை உண்டு. அக்கருவி வழுவை நீக்குவதில்லை; வழு இருக்கும் இடத்திற்கு நம்மை அழைத்துச் சென்று காட்டுகிறது. நீக்குவது மனிதன் வேலை. ‘வழுகாட்டி’ எனின் இன்னும் பொருந்தும். ஆயினும் வழக்கில் வேரூன்றிய சொல்லை மாற்றப் புகுவது வீண்வேலை என்று விட்டுவிடுகிறேன்.

தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியனுக்கு இவையெல்லாம் எப்படித் தெரிய வந்தன என்று அன்பர்கள் வினவக்கூடும். என் பழைய மாணவன் ஒருவனே காரணம். அவனுக்கு முப்பது வயது கடந்துவிட்டது. எனினும் எனக்கு அவன் ‘அவன்’தான். அவன் தந்தையார் பால்மரம் வெட்டியவர். ஈப்போவை அடுத்த எங்கள் ஜெலாப்பாங் வட்டாரம் ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டங்களும் ஈயச் சுரங்கக் குட்டைகளுமாக இருந்தது. இன்று தாமான்களும் தொழிற்பேட்டையும் நெடுஞ்சாலையுமாக மாறிவிட்டது. தோட்டம் துண்டாடப்பட்டபோது இங்கே குடிவந்த குடும்பங்களுள் அவன் குடும்பமும் ஒன்று. பினாங்குத் தீவின் பாயான் லெப்பாசில் 1972-இல் இண்டெல் நிறுவனம் ஆலை தொடங்கிய நாள்தொட்டு, பேராக்கின் பிள்ளைகள் பலர் வேலை தேடி அங்கே போயினர். அவனும் போனான். இப்போது அங்குள்ள ஒரு நிறுவனத்தில் சோதனையாளனாக இருக்கிறான்.

பள்ளி விடுமுறையொன்றில் அவன் ஊருக்கு வந்திருந்தபோது, இடைநிலைப்பள்ளி மாணவர்க்குத் தன் தொழிலைப் பற்றித் தமிழிலேயே பேச விரும்புவதாகவும், கலைச்சொற்களில் எனது துணை வேண்டும் என்றும் கேட்டான். என்ன தொழில் என்றேன்.

“வழுநீக்கியைச் சோதிப்பது ஐயா.”

“வழுவை நீக்குவது என்று சொல்.”

“இல்லை ஐயா. வழுநீக்கியிலேயே வழு இருக்கிறதா என்று பார்ப்பது. அதிலும், பிள்ளை பெறும் நிரல்களை வழுநீக்கி எப்படி நடத்துகிறது என்று பார்ப்பது.”

மூன்று சனிக்கிழமைகள் எங்கள் பள்ளியின் கணினி அறையில் அமர்ந்து அவன் அதனை எனக்கு விளக்கினான். சொல் தேடிக் கொடுக்கப் போன நான், பொருளில் அகப்பட்டுக்கொண்டேன். தேர்வும் திருத்தமும் தொழிலாகக் கொண்ட நமக்கு அங்கே கற்க வேண்டியவை உள்ளன என்று தோன்றியமையால் இதனை எழுதுகிறேன்.

அவன் பயன்படுத்தும் வழுநீக்கி, ரிச்சர்டு ஸ்டால்மன் என்பார் 1986-இல் குனூ என்னும் திட்டத்திற்காக எழுதியது. ஜி.டி.பி. என்பது அதன் சுருக்கப் பெயர். நாளிதழின் பொருளாதாரப் பக்கத்தில் வரும் ஜி.டி.பி. வேறு, இது வேறு. இதன் மூலநிரல் எவரும் எடுத்துப் படிக்கவும் திருத்தவும் திறந்து கிடக்கிறது. ஓடும் நிரலை வேண்டிய வரியில் நிறுத்தி, அவ்வேளையில் எந்தெந்த மாறியில் என்னென்ன மதிப்பு இருக்கிறது என்று இது காட்டும்.

நிறுத்துவது எப்படி? இதனை அறிந்துகொண்டால்தான் பின்வருவது விளங்கும். நிரலர் ‘இவ்விடத்தில் நிறுத்து’ என்று ஒரு நிறுத்தப்புள்ளி இட்டால், வழுநீக்கி நிரலின் நினைவகத்தில் அவ்விடத்திலுள்ள பைட்டை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டு, அதற்கு மாறாக வேறொன்றை எழுதிவிடுகிறது. நம் மேசைக் கணினிகள் பலவற்றிலும் உள்ள இண்டெல் வகைச் சில்லுகளில் அது ஒரே பைட்டு. எண்ணாகச் சொன்னால் 204. ஓடிவரும் நிரல் 204-இல் கால் வைத்தவுடன் இயங்குதளம் அதனை நிறுத்தி வழுநீக்கிக்கு அறிவிக்கிறது. நிரலர் பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்ததும், வழுநீக்கி பழைய பைட்டை இருந்த இடத்தில் வைத்து, ஓரடி நடக்கவிட்டு, மறுபடியும் 204-ஐ எழுதிவிட்டு, நிரலை ஓடவிடுகிறது. தான் நின்றதே நிரலுக்குத் தெரியாது. வழுநீக்கி உடனிருக்கும் வரையில் 204 தீங்கற்றது. அது உடனில்லாதபோது 204-ஐ மிதித்த நிரல் என்ன ஆகும் என்றால், ஐந்தாம் எண் குறிப்பாணை வந்து, அங்கேயே மடிந்துவிடும்.

இனி, பிள்ளை பெறுவது. ஏட்டில் எழுதி வைத்திருப்பது நிரல். அது கணினியில் ஓடும்போது அதனைச் செயலாக்கம் என்கின்றனர். ஓடிக்கொண்டிருக்கும் ஒரு செயலாக்கம் தன்னைப்போலவே இன்னொன்றைப் படைக்க வல்லது. 1963-இல் மெல்வின் கான்வே வெளியிட்ட கட்டுரையில் இக்கருத்து இடம்பெற்றது; பெர்க்லிப் பல்கலைக்கழகத்தின் ஜீனி என்னும் திட்டத்தின் வழியாகப் பெல் ஆய்வுக்கூடத்திற்கு வந்தது. அங்கே கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கியபோது இதனை எழுதச் சரியாக 27 வரிகளே ஆயின என்று ரிட்சி பின்னாளில் குறித்திருக்கிறார். ‘ஃபோர்க்’ என்பது அதன் பெயர். மரக்கிளை இரண்டாகப் பிரியும் இடத்தை நாம் கவை என்கிறோமே, அதுதான். தோட்டத்துப் பிள்ளைகள் கொய்யாக் கிளையில் நல்ல கவையாகப் பார்த்து வெட்டி உண்டிவில் செய்ததை அறிந்தவர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டுவதில்லை. அவன் பேச்சுக்குக் ‘கவைத்தல்’ என்றே கொடுத்தேன்.

கவைத்தலில் ஒரு புதுமை உண்டு. வினா ஒன்று, விடை இரண்டு. அழைத்தது ஒரு செயலாக்கம். விடை பெற்றுத் திரும்புவனவோ இரண்டு. தாய்க்குக் கிடைக்கும் விடை சேயின் அடையாள எண். சேய்க்குக் கிடைக்கும் விடை சுழியம். அந்த விடையைக் கொண்டே ‘நான் தாய்’, ‘நான் சேய்’ என்று நிரல் இரண்டு வழியாகப் பிரிகிறது. நினைவகத்தில் உள்ள மற்ற யாவும் தாயிடம் இருந்தவாறே சேயிடமும் இருக்கும். சேய் முடிந்தால் அதன் முடிவைத் தாய் கேட்டுப் பெற்றாக வேண்டும். கேளாதவரையில், உயிர் போயும் பெயர் நீங்காமல் அது பட்டியலில் கிடக்கும். தாய் முந்திப் போய்விட்டால், முதல் எண்ணுள்ள செயலாக்கம் அனாதைச் சேயைத் தன் பிள்ளையாக ஏற்றுக்கொள்வது வழக்கம். சொற்கள் யாவும் குடும்பத்துச் சொற்களாகவே இருப்பதைக் கண்டு வியந்தேன். ஒன்று மட்டும் உவப்பாக இல்லை. ஜி.டி.பி.யின் கையேட்டில், தான் நோக்கும் செயலாக்கத்தை அது ‘இன்ஃபீரியர்’ என்று குறிக்கிறது. கீழ்ப்பட்டது என்று பொருள். நோக்கப்படுகிறவர் கீழ்ப்பட்டவர் ஆவாரோ? பள்ளி மேற்பார்வையாளர் சிலரிடம் இக்கருத்து இருக்கக்கூடும். அவனுக்கு ‘நோக்குறு செயலாக்கம்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

சிக்கல் இங்கேதான் பிறக்கிறது. வழுநீக்கி தாயின் நினைவகத்தில் 204 எழுதி வைத்திருக்கிறது. அவ்வேளையில் தாய் கவைக்கிறது. எல்லாவற்றையும் படியெடுத்துக்கொண்டு பிறக்கும் சேய் அந்த 204-ஐயும் படியெடுத்துக்கொண்டு பிறக்கிறது. ஆனால் வழுநீக்கி பிடித்திருப்பது தாயை, சேயை அன்று. சேய் தன் வழியே ஓடி, தனக்கென எவரும் இடாத அந்த நிறுத்தத்தில் கால் வைக்கிறது. தாயாயின் வழுநீக்கி வந்து பழைய பைட்டை வைத்து நடத்திச் செல்லும். சேய்க்கு யார் வருவார்? அது மடிகிறது. நிரலில் குற்றமில்லை, நோக்க வந்தவர் விட்டுச்சென்ற அடையாளமே அதற்குக் கேடாகிறது.

முற்காலத்தில் இதற்கு நேரான வழி இல்லை. கையேடு ஒரு குறுக்குவழி சொல்லிற்று. சேய் பிறந்தவுடன் சிறிது நேரம் உறங்கும்படி நிரலிலேயே எழுதிவிடுவது. அது உறங்கும்போது செயலாக்கப் பட்டியலைப் பார்த்து அதன் எண்ணைக் கண்டுபிடித்து, இன்னொரு வழுநீக்கியைக் கொண்டு அதனைப் பற்றிக்கொள்வது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருநிரல், 2002-இல் வந்த 2.5.46 என்னும் பதிப்பு முதல், ‘இதோ ஒரு சேய் பிறந்தது’ என்று வழுநீக்கிக்கு உடனுக்குடன் அறிவிக்கத் தொடங்கியது. அதன் பின்னரே உறங்கவைக்காமல் சேயைத் தொடர முடிந்தது.

இன்று நிரலர்க்கு வழிகள் உள்ளன. தாயைத் தொடர்ந்து சேயை விட்டுவிடலாம், கேளாவிட்டால் ஜி.டி.பி. செய்வது இதுவே. சேயைத் தொடர்ந்து தாயை விட்டுவிடலாம். இரண்டையும் பிடித்துவைத்துக்கொண்டு, ஒன்றை நடத்தி மற்றொன்றை நிறுத்தியும் வைக்கலாம். மூன்றாவது கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. தாய், சேயின் முடிவுக்காகக் காத்திருக்கும். சேயோ வழுநீக்கியின் பிடியில் அசையாமல் நிற்கும். தாயைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிரலர், ‘ஏன் நகரவில்லை’ என்று திகைத்துக் கிடப்பார். இருவரையும் விடாமல் காக்கிறேன் என்று சொல்லி இருவரையும் நிறுத்திவிடும் காவல் இது.

எந்த வழியாயினும், விட்டுவிடும் செயலாக்கத்தை விடும் முன்னர் அதில் எழுதிய 204-களையெல்லாம் அழித்து, பழைய பைட்டுகளை வைத்துவிட வேண்டும். இது வழுநீக்கியின் கடன். அக்கடனைச் செய்கிறதா என்று பார்ப்பதே என் மாணவனின் வேலை.

இவ்வேலையின் தன்மை எனக்கு என் பயிற்சிக் காலத்தை நினைவூட்டியது. ஆசிரியப் பயிற்சியில் கற்பித்தல் பயிற்சிக்கு எங்களைப் பள்ளிகளுக்கு அனுப்புவார்கள். விரிவுரையாளர் வகுப்பின் கடைசி மேசையில் வந்து அமர்வார். பிள்ளைகள் தங்களைத்தான் பார்க்க வந்திருக்கிறார் என்று எண்ணி நிமிர்ந்து உட்காருவர். அவர் பார்ப்பது பிள்ளைகளை அன்று, அவர்களைப் பார்க்கிறவரை. வழுநீக்கிச் சோதனையும் அத்தகையதே. நிரலைத் தேர்வு செய்வது வழுநீக்கி. வழுநீக்கியைத் தேர்வு செய்வது இச்சோதனை. ஆகவே இதற்கென எழுதும் நிரல் மிகச் சிறியதாகவும், அதன் நடத்தை முன்னரே ஐயமறத் தெரிந்ததாகவும் இருத்தல் வேண்டும். கவைக்கும், சேய் ஒரு வேலை செய்யும், தாய் காத்திருந்து, சேய் எப்படி முடிந்தது என்று கேட்டுச் சொல்லும். அவ்வளவே. நிரல் சிக்கலாக இருந்தால், தவறு நேரும்போது அது நோக்குறுவதன் தவறா நோக்குபவரின் தவறா என்று பிரித்தறிய முடியாது.

சோதனையை நடத்துவதும் ஒரு நிரலே. டான் லைப்ஸ் என்பார் 1990-இல் படைத்த எக்ஸ்பெக்ட் என்னும் கருவியின் மேல் கட்டப்பட்ட டேஜாகுனூ என்னும் அமைப்பு அது. நாம் நடத்தும் வாய்மொழித் தேர்வே அதன் முறை. வழுநீக்கியிடம் ஒரு கட்டளை சொல்லும். இன்ன விடை வர வேண்டும் என்று காத்திருக்கும். குறித்த நொடிக்குள் விடை வாராவிட்டால் நேரம் கடந்தது என்று எழுதிக்கொண்டு அடுத்ததற்குப் போகும். ‘நிறுத்தப்புள்ளி இடு, தாயைத் தொடர், ஓடு. சேய் பிறந்த செய்தி வந்ததா? சேயை விட்டதாகச் சொன்னாயா? தாய் ஒழுங்காக முடிந்ததா? சேய் ஐந்தாம் குறிப்பாணையால் இறந்ததாகத் தாய் சொல்கிறதா?’ பிறகு சேயைத் தொடரச் சொல்லி இதே வினாக்கள். பிறகு இரண்டையும் பிடிக்கச் சொல்லி.

இதில் இரண்டு நுட்பங்களை அவன் காட்டினான். தாயும் சேயும் பிரிந்தபின் எது முந்தி ஓடும் என்று எவரும் உறுதி கூற முடியாது. அது கணினியின் அப்போதைய நிலையைப் பொறுத்தது. ‘முதலில் தாய் பேசும், அடுத்துச் சேய் பேசும்’ என்று வரிசையை எதிர்பார்த்து எழுதிய சோதனை ஒன்பது முறை தேறிப் பத்தாம் முறை தவறும். வழுநீக்கி மீது வீண்பழி விழும். ஆதலின் இரு வரிசையையும் ஏற்கும்படி எழுத வேண்டும். மற்றொன்று, சோதனை நடுவில் முறிந்துபோனால் விடப்பட்ட சேய் எங்கேயோ ஓடிக்கொண்டே இருக்கக் கூடாது அல்லவா? அதற்காக, பிறந்து சில நொடிகள் கழிந்தால் தானே முடிந்துவிடுமாறு ஒரு மணியை நிரலுக்குள்ளேயே வைத்துவிடுகின்றனர்.

“சோதனை சரியாக இருக்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன். அவ்வினாவுக்காகவே காத்திருந்தவன்போல், மடிக்கணினியில் வேறொரு ஜி.டி.பி.யைத் திறந்தான். அது அவன் வேண்டுமென்றே கெடுத்து வைத்த படி. சேயை விடும்போது 204-களை அழிக்கும் வரிகளை மட்டும் எடுத்துவிட்டிருந்தான். அதே சோதனையை ஓட்டினான். சேய் மடிந்தது, தாய் அச்செய்தியைச் சொல்லிற்று, சோதனை தவறு என்று காட்டிற்று. தவற்றைத் தவறு என்று சொல்லத் தெரியாத சோதனை, எல்லாரையும் தேர்ச்சி என்று எழுதிவிட்டுப் போகும். வினாத்தாள் எழுதும் நாம், தேர்ச்சி பெறத் தகாதவன் இத்தாளில் தேறாமல் போவானா என்று ஒருநாளேனும் எழுதிப் பார்த்ததுண்டா?

என்னை மிகவும் கவர்ந்தது விடைப்பட்டியல்தான். தேர்ச்சி, தவறு என்னும் இரண்டோடு அவர்கள் நிற்கவில்லை. வழுநீக்கியின் குற்றத்தால் அன்றி, இயங்குதளம் முதலிய சூழலின் குறையால் இது தவறும் என்று முன்னமே அறியப்பட்டிருந்தால் ‘எதிர்பார்த்த தவறு’ என்று எழுதுகின்றனர். வழுநீக்கியின் குற்றமேதான், ஆனால் அது தெரிந்ததே, பதிவேட்டில் இன்ன எண்ணில் இருக்கிறது என்றால் ‘அறிந்த தவறு’. தவற வேண்டும் என்று எதிர்பார்த்தது தேறிவிட்டால் அதனையும் கொண்டாடிவிட்டுப் போவதில்லை. ‘எதிர்பாராத் தேர்ச்சி’ என்று தனியே குறித்து, ஏன் என்று ஆராய்கின்றனர். தேர்வே நடத்த முடியாமற்போனால் ‘சோதிக்கப்படவில்லை’. இப்பொறியில் அவ்வசதியே இல்லையென்றால் ‘இங்கு இயலாது’. நடத்தியும் விடை தெளிவாகவில்லை என்றால் ‘முடிவு எட்டவில்லை’.

அவன் பட்டியலைச் சொல்லச் சொல்ல எனக்கு நன்னூல் நினைவுக்கு வந்தது. ‘எதிர்பார்த்த தவறு’ வேறென்ன? வழுவமைதியே அது! காரணம் பற்றி ஏற்கப்பட்ட வழு. ஆனால் காரணத்தை எழுதியே ஆக வேண்டும். காரணம் காட்டாத வழுவமைதி இல்லை. இக்கலைச்சொல்லை அவன் பேச்சில் சேர்த்தபோது, என் மாணவன் நான் அளித்த சொற்களுள் இதுவே சிறந்தது என்றான். எனக்கும் அவ்வாறே தோன்றிற்று.

நம் பதிவேடுகளை நினைத்துப் பார்க்கிறேன். 1988 முதல் நடைபெற்ற யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டது. இன்று வகுப்பறை மதிப்பீட்டில் ஒன்று முதல் ஆறு வரையில் அடைவுநிலை எழுதுகிறோம். ஒரு பிள்ளை இரண்டாம் நிலை என்று எழுதப்பட்டால், அவளால் இயலவில்லையா, அவளிடம் கேட்கவே இல்லையா, கேட்ட நாளில் காய்ச்சலில் இருந்தாளா என்பதெல்லாம் அந்த ஓர் இலக்கத்துள் மறைந்துபோகின்றன. ‘சோதிக்கப்படவில்லை’ என்பதைத் ‘தவறு’ என்று எழுதுதல் அப்பிள்ளைக்குச் செய்யும் தீங்காகும். இயந்திரத்திற்குக் காட்டும் இந்நேர்மை பிள்ளைகளுக்கும் உரியதன்றோ?

பெர்க்லியார் 1979-இல் சேர்த்த இன்னொரு வகைக் கவைத்தலும் உண்டு. அதனை மட்டும் சுருக்கமாகச் சொல்லிக் கடக்கிறேன். அங்கே சேய் படியெடுத்துக்கொள்வதில்லை. தாயின் நினைவகத்தையே கடனாகக் கொண்டு இருக்கும். அது வேறு நிரலாக உருமாறிப் போகும் வரையில், அல்லது முடியும் வரையில், தாய் உறங்கிக் கிடக்கும். இருவருக்கும் வீடு ஒன்றே ஆகையால், சேய்க்காக 204-ஐ அழித்தால் தாயினுடையதும் அழிந்துவிடும். அழிக்காவிட்டால் சேய் மடியும். ஆதலின் சேய் போகும்வரை அழித்து வைத்திருந்து, போனபின் தாய்க்கு மறுபடியும் எழுத வேண்டும். மறுபடி எழுத மறந்த வழுநீக்கியும் இச்சோதனையில் தவறியதே. இதனைக் கண்டுபிடிக்கத் தாயை மறுபடியும் ஓடவிட்டு, நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறதா என்று பார்க்கின்றனர்.

மூன்றாம் சனிக்கிழமை, சொற்பட்டியல் முடிந்தபின், அவன் தன்னைப் பற்றி ஒன்று சொன்னான். அவன் ஆறாம் ஆண்டில் படித்த நாளில் மலாய்மொழி கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்தார். பேசத் தொடங்குமுன், “நில், வாக்கியம் முழுவதையும் மனத்தில் கட்டு, பிறகு பேசு” என்று அவர் பழக்கினார். பிள்ளை வாய் திறக்குமுன் நிற்பான், ஆசிரியர் முகத்தைப் பார்ப்பான், அவர் தலையசைப்பார், பேசுவான். நல்ல முறைதான். அவ்வகுப்பில் பிழையற்ற மலாய் பேசியவர் பலர். அதன்பின் அவன் இடைநிலைப்பள்ளிக்குப் போனான். நாற்பது பேர் உள்ள வகுப்பு, தமிழ்ப்பிள்ளைகள் ஐவர். ஆசிரியை வினாக் கேட்டார். அவன் எழுந்து நின்றான். வாக்கியம் மனத்தில் முழுமையாக இருந்தது. தலையசைப்புக்காகக் காத்திருந்தான். தலையசைக்க அங்கே ஒருவரும் இல்லை. விடை தெரியாதவன் என்று எண்ணி ஆசிரியை அடுத்தவனைக் கேட்டார். ஓராண்டு முழுவதும் இப்படியே கழிந்தது என்றான்.

“எனக்கு மலாய் வராது என்றே எழுதிவிட்டார்கள் ஐயா. மலாய் வந்தது. அந்த நிறுத்தம்தான் போகவில்லை. முதன்முதலில் சேய் 204-ஐ மிதித்து மடிவதைத் திரையில் பார்த்தபோது, இது எனக்குத் தெரிந்த கதை என்று எண்ணினேன். அதனால்தான் இந்த வேலையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.”

அவ்வாசிரியர் மீது அவனுக்குச் சினம் இல்லை. எனக்கும் இல்லை. நிறுத்தம் இட்டது குற்றமன்று. நிறுத்தாமல் எதனையும் கற்பிக்க இயலாது. வகுப்புக்குள் அது பயன்பட்டது. அதனை அழிப்பதற்கு ஒரு வேளை ஒதுக்கப்பட்டிருக்க வேண்டும். அவ்வேளை எந்தப் பாடத்திட்டத்திலும் இல்லை.

அதன்பின் எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு கற்பிக்கும் ஆசிரியர்களை அழைத்து ஒரு பட்டியல் எழுதினோம். நாம் உடனிருந்தால் மட்டுமே பிள்ளைகளுக்குப் பயன்படுகிற, நாம் இல்லாவிடத்தில் அவர்களைத் தடுத்துவிடுகிற பழக்கங்கள் எவை? எதிர்பார்த்ததைவிட நீண்ட பட்டியலாகிவிட்டது. புதிய பக்கம் திருப்ப அனுமதி கேட்டல். கோடு போடலாமா என்று கேட்டல். கணக்கில் ஒவ்வொரு படிக்கும் ஆசிரியர் முகத்தைப் பார்த்தல். தலைப்பைக் கரும்பலகையில் எழுதும்வரை எழுதுகோலை எடுக்காதிருத்தல். சொல் தெரியாவிட்டால் வாக்கியத்தையே விட்டுவிடுதல். இவற்றுள் பெரும்பாலானவை நாமே முதலாம் ஆண்டிலும் இரண்டாம் ஆண்டிலும் அரும்பாடுபட்டுப் பழக்கியவை. ஓர் ஆசிரியை, “இவற்றையெல்லாம் எடுத்துவிட்டால் வகுப்பு அடங்குமா?” என்றார். நியாயமான கேள்வி. முதலாம் ஆண்டில் எடுக்கச் சொல்லவில்லை. நம்மை விட்டுப் போகப்போகிறவர்களிடம் மட்டும் எடுக்கலாம் என்று முடிவாயிற்று.

பள்ளியாண்டின் கடைசி வாரங்களில், ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு நாள்தோறும் ஒரு பாடவேளை இப்படி நடத்தினோம். வேலையைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆசிரியர் பின்மேசைக்குப் போய்விடுவார், கேட்டாலும் விடை சொல்ல மாட்டார், தலையசைக்கவும் மாட்டார். தேறினார், தேறவில்லை என்று மட்டும் குறிக்காமல், மாணவன் தந்த பட்டியலின் சொற்களையே எடுத்துக்கொண்டோம். முதல் நாள் வகுப்பில் பாதிப்பேர் திரும்பித் திரும்பிப் பார்த்தனர். இரண்டாம் வாரத்தில் அது மிகவும் குறைந்தது. ஒரு நாள் பின்மேசையில் நானே அமர்ந்திருந்தேன். இரு பையன்கள் கோடு போடலாமா என்று கேட்க எழுந்தனர். கேட்பதற்கு முன்பக்கம் ஆள் இல்லாமையால் சற்று நின்று, தாமே போட்டுக்கொண்டு உட்கார்ந்தனர். சன்னலோரத்துச் சிறுமி ஒருத்தி மட்டும் எழுதுகோலைக் கையில் பிடித்தவாறு மணியடிக்கும் வரை அப்படியே இருந்தாள். அவள் பெயருக்கு நேரே ‘முடிவு எட்டவில்லை’ என்று எழுதி, அவள் சேரவிருக்கும் இடைநிலைப்பள்ளியின் பெயரையும் பக்கத்தில் குறித்து வைத்திருக்கிறேன்.